ஏணியின் கடைசிப் படி

முப்பத்தோரு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் இங்கிலாந்துக் கால்பந்தின் உச்சிக்கு வந்த லூட்டன் டவுன், ஒரே சீசனில் கீழே இறங்கியது. கோளாறு ஏறியவரிடமா, ஏணியிலா?

2023 டிசம்பர் 5, செவ்வாய்க்கிழமை இரவு. லூட்டன் நகரின் கெனில்வொர்த் ரோடு மைதானத்தில் தொண்ணூறு நிமிட ஆட்டம் முடிந்து, நடுவர் கூட்டிக் கொடுத்த நேரமும் தீரும் தறுவாய். பலகையில் 3-3. எதிரணி, அன்று பட்டியலின் முதலிடத்தில் இருந்த ஆர்சனல். இரண்டு முறை பின்தங்கிய லூட்டன் இரண்டு முறையும் சமன் செய்தது. 57ஆம் நிமிடத்தில் ராஸ் பார்க்லியின் கோலால் முன்னிலையும் கண்டது. அடுத்த மூன்றே நிமிடத்தில் ஆர்சனல் அதைச் சமன் செய்தது. அதன்பிறகு அரைமணி நேரத்துக்கும் மேலாகக் கதவைச் சாத்தி வைத்திருந்தது சிறிய அணி. 97ஆம் நிமிடத்தில் மார்ட்டின் ஓடெகார்ட் தூக்கிப் போட்ட பந்தை டெக்லன் ரைஸ் தலையால் முட்டினார். வலை அசைந்தது. 3-4. தகரக் கூரைகளும் மரப்பலகைகளும் கொண்ட அந்தப் பழைய மைதானம், அந்த நொடிவரை எழுப்பிக்கொண்டிருந்த ஓசையை அப்படியே விழுங்கிக்கொண்டது.

அந்தக் கோலை அடித்தவரின் விலை 10.5 கோடி பவுண்டு. வெஸ்ட் ஹாமிலிருந்து ரைஸை வாங்க அந்தக் கோடையில் ஆர்சனல் ஒப்புக்கொண்ட தொகை அது. அன்று லூட்டன் களமிறக்கிய பதினொருவரையும் வாங்க ஆன செலவைக் கூட்டினால் அதில் ஒரு சிறு பங்குதான் தேறும். அந்த இரவை வீரமான தோல்வி என்று பாராட்டிவிட்டு எல்லோரும் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். லூட்டனின் அந்தச் சீசன் முழுவதற்கும் இதே மரியாதைதான் கிடைத்தது: தோளில் ஒரு தட்டு, கையில் ஒரு வழியனுப்பு. கட்டுப்பாட்டோடு குடும்பம் நடத்திய ஒரு கிளப், ஆறு ஆண்டுகளில் மூன்று முறை மேலேறி, கடைசிப் படியில் மட்டும் ஏன் நிற்க முடியாமல் போனது என்ற கேள்விக்கு அந்தப் பாராட்டில் விடை இல்லை. கால் வழுக்கியது உண்மைதான். ஆனால் அந்தக் கடைசிப் படி, மற்ற படிகளைவிட எத்தனை உயரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று அளந்து பார்க்காமல், வழுக்கியவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

தொப்பி நகரத்தின் அணி

லண்டனுக்கு வடக்கே ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், பெட்ஃபோர்ட்ஷயரில் இருக்கிறது லூட்டன். ஒரு காலத்தில் தொப்பித் தயாரிப்புக்கும், பின்னர் வாக்ஸ்ஹால் கார்களுக்கும், இப்போது விமான நிலையத்துக்கும் பெயர் பெற்ற உழைக்கும் மக்களின் ஊர். 1885இல் தொடங்கிய கிளப்புக்கு இன்றும் ‘தொப்பிக்காரர்கள்’ என்றுதான் செல்லப்பெயர். 1905 முதல் அவர்கள் ஆடும் கெனில்வொர்த் ரோடு, வரிசை வீடுகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கிடக்கிறது. வெளியூர் ரசிகர்கள் ஓக் ரோட்டில் இரண்டு வீடுகளுக்கு இடையே திறக்கும் வாயிலில் நுழைந்து, குடியிருப்போரின் கொல்லைப்புறத்துக்கு மேலே போகும் படிகளில் ஏறித்தான் கேலரிக்குப் போக முடியும். 1988இல் வெம்பிளியில் ஆர்சனலை 3-2 என வென்று லீக் கோப்பையைத் தூக்கிய அணி இது. பிரீமியர் லீக் என்ற புதிய அமைப்பை உருவாக்க ஒப்புக்கொண்ட முதல்நிலை கிளப்புகளில் லூட்டனும் ஒன்று. ஆனால் அந்த லீக் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1992 மே மாதத்தில், அது இரண்டாம் நிலைக்கு இறங்கிவிட்டது. தான் வாக்களித்துக் கட்டிய வீட்டுக்குள் நுழைய 31 ஆண்டுகள் ஆயின.

இடைப்பட்ட காலத்தின் பெரிய காயம் 2008இல் விழுந்தது. முந்தைய உரிமையாளர்கள் காலத்தில் முகவர்களுக்குப் பணம் கொடுத்ததில் நடந்த முறைகேடுகளுக்காக 10 புள்ளிகள், திவால் நிர்வாகத்திலிருந்து விதிப்படி வெளிவராததற்காக 20 புள்ளிகள் என, 2008-09 சீசனை லூட்டன் மைனஸ் 30இல் தொடங்கியது. அந்தச் சீசன் முடிவில் நான்காம் நிலையிலிருந்தும் விழுந்து, ஐந்தாம் நிலையான கான்ஃபரன்ஸில் ஐந்து ஆண்டுகள் கிடந்தது. இதற்குள் ரசிகர்கள் சிலரே கூட்டாகச் சேர்ந்து கிளப்பை வாங்கியிருந்தார்கள். அவர்கள் வகுத்துக்கொண்ட கொள்கை எளிது: வரவுக்கு மேல் செலவில்லை. 2014இல் கிளப்பின் பெயர், நிறம், சின்னம் ஆகியவற்றை யார் மாற்ற முனைந்தாலும் தடுக்கும் சட்டப்படியான உரிமையை ரசிகர் அறக்கட்டளையின் கையில் கொடுத்தார்கள். அதே ஆண்டு நான்காம் நிலைக்குத் திரும்பினார்கள். 2018, 2019, 2023 என ஒவ்வொரு படியாக ஏறினார்கள். 2023 மே 27 அன்று வெம்பிளியில் கவென்ட்ரியைப் பெனால்டியில் 6-5 என வென்றபோது, அந்த ஒரு வெற்றியின் மதிப்பு 17 கோடி பவுண்டுக்கு மேல் என்று டெலாய்ட் நிறுவனம் கணக்கிட்டுச் சொன்னது.

[பெட்டிச் செய்தி] ஒரு சீசன், சில எண்கள்

• லூட்டன் டவுன், பிரீமியர் லீக் 2023-24: 38 ஆட்டங்கள், 6 வெற்றி, 8 டிரா, 24 தோல்வி
• புள்ளிகள் 26, இடம் 18
• அடித்த கோல் 52, வாங்கிய கோல் 85
• அதிக கோல் அடித்தவர்கள்: கார்ல்டன் மோரிஸ் 11, எலைஜா அடபாயோ 10
• முதல் வெற்றி: 2023 செப்டம்பர் 30, எவர்ட்டனின் மைதானத்தில் 2-1
• பெரிய வெற்றி: 2024 ஜனவரி 30, பிரைட்டனுக்கு எதிராக 4-0, அடபாயோ ஹாட்ரிக்
• மேனேஜர்: ராப் எட்வர்ட்ஸ்

அடித்த கோலும் வாங்கிய கோலும்

லூட்டன் இறங்கியதற்கு மிக நேரான விளக்கம் ஒன்று உண்டு: அவர்கள் போதுமான அளவு நன்றாக ஆடவில்லை. 85 கோல் வாங்கிய அணி இறங்கத்தானே வேண்டும்? இந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எண்களைப் பாதியில் நிறுத்தாமல் முழுதாகப் படித்தால் கதை மாறுகிறது. அந்தச் சீசனில் லூட்டன் அடித்த கோல்கள் 52. பட்டியலில் அவர்களுக்கு மேலே பத்திரமாக முடித்த நாட்டிங்கம் ஃபாரஸ்ட் அடித்தது 49, எவர்ட்டன் அடித்தது 40. கோல் அடிக்கத் துணிவும் ஒத்திகையும் வேகமும் போதும். அவற்றை ராப் எட்வர்ட்ஸ் தன் ஆட்டக்காரர்களிடம் வளர்த்துக் காட்டினார். லிவர்பூலை 1-1 என நிறுத்தினார்கள். அதிலும் லிவர்பூலின் சமன் கோல் வந்தது 95ஆம் நிமிடத்தில். நியூகாசிலை உள்ளூரில் 1-0 என வென்றார்கள், அவர்கள் ஊரில் 4-4 என முடித்தார்கள். மான்செஸ்டர் சிட்டியை முதல் பாதி முடிவில் முந்தி நின்று, பிறகு 1-2 எனத் தோற்றார்கள். இவை எதுவும் தகுதியற்ற அணியின் ஆட்டங்கள் அல்ல.

தடுப்பாட்டத்தின் கணக்கு வேறு. பதினொருவர் நன்றாக ஆடினால் மட்டும் அது முடிந்துவிடுவதில்லை; ஒருவர் விழுந்தால் அவர் இடத்தில் நிற்க அதே தரத்தில் இன்னொருவர் வேண்டும், அவரும் விழுந்தால் மூன்றாமவர் வேண்டும். 2023 டிசம்பர் 16 அன்று போர்ன்மத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது, லூட்டனின் கேப்டன் டாம் லாக்கியர் இதயம் நின்று மைதானத்தில் சரிந்தார். ஏழு மாதங்களுக்கு முன் வெம்பிளி இறுதியாட்டத்திலும் மயங்கி விழுந்தவர் அவர். மருத்துவக் குழுவின் வேகத்தால் உயிர் பிழைத்தார், ஆட்டம் கைவிடப்பட்டது, அந்தச் சீசனில் அவர் மறுபடி ஆடவில்லை. காபே ஓஷோ, அமரி பெல், மாட்ஸ் ஆண்டர்சன் எனத் தடுப்பாட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக நீண்ட காயங்களில் ஒதுங்கினார்கள். பெரிய அணிகளுக்கும் காயம் வரும். ஆனால் அங்கே பெஞ்சிலிருந்து எழுந்து வருபவரே இன்னொரு நாட்டின் தேசிய அணிக்காரர். லூட்டனின் பெஞ்சு அத்தனை ஆழமில்லை.

இதை இன்னும் தெளிவாகக் காட்டியது, கைவிடப்பட்ட அந்தப் போர்ன்மத் ஆட்டம் 2024 மார்ச் 13 அன்று மறுபடி நடந்தபோது. இடைவேளையில் லூட்டன் 3-0 என முன்னிலை. ஆட்டம் முடிந்தபோது 3-4. அந்த இரண்டாம் பாதியின் நாற்பத்தைந்து நிமிடங்களில் ஒரு சீசனின் உள்கட்டமைப்பே வெளியில் தெரிந்தது: முதலில் அடிக்க முடிந்தவர்களால் இறுதிவரை தாங்க முடியவில்லை. ஆக, 85 என்ற எண் திறமைக் குறைவைச் சொல்கிறது என்பதைவிட ஆழக் குறைவைச் சொல்கிறது என்பதே பொருத்தம். பிரீமியர் லீக்கில் ஆழத்துக்கு ஒரே ஒரு கடைதான் உண்டு. அதன் பெயர் பரிமாற்றச் சந்தை.

விதியை மீறியவர் தங்கினார்

மார்ச் 18 அன்று அந்தச் சீசனின் மிக முக்கியமான முடிவு மைதானத்துக்கு வெளியே வந்தது. லாபம் மற்றும் நிலைத்தன்மை விதிகளை மீறியதற்காக நாட்டிங்கம் ஃபாரஸ்டுக்கு 4 புள்ளிகள் வெட்டு. அப்போது அந்த விதி சொன்னது இதுதான்: மூன்று ஆண்டுகளும் பிரீமியர் லீக்கில் இருந்த கிளப், அந்தக் காலத்தில் அதிகபட்சம் 10.5 கோடி பவுண்டு நட்டம் காட்டலாம். இரண்டு ஆண்டுகள் இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்பில் இருந்து மேலே வந்த கிளப்புக்கு அந்த வரம்பு 6.1 கோடி. அப்படி ஏறிய ஃபாரஸ்ட் அதைத் தாண்டியது 3.45 கோடி பவுண்டு. அதே விதியை 1.95 கோடி பவுண்டு தாண்டிய எவர்ட்டனுக்கு நவம்பரில் 10 புள்ளிகள் வெட்டப்பட்டு, மேல்முறையீட்டில் 6 ஆகக் குறைந்தது. அடுத்த ஆண்டுக் கணக்குக்காக ஏப்ரலில் மேலும் 2 போனது.

ஃபாரஸ்டின் புள்ளிகள் வெட்டப்பட்ட அன்று பட்டியலில் லூட்டன் 22 புள்ளிகளோடு 17ஆம் இடத்துக்கு ஏறியது. ஃபாரஸ்ட் 21 புள்ளிகளோடு கீழே இறங்கியது. பாதுகாப்பான கரையில் லூட்டன் கால்வைத்த நாட்கள் அவை. ஆனால் மீதமிருந்த ஆட்டங்களில் போர்ன்மத்துக்கு எதிரான ஒரு வெற்றியும் எவர்ட்டனுடன் ஒரு டிராவும் மட்டுமே கிடைத்தன. சீசன் முடிவில் ஃபாரஸ்ட் 32, எவர்ட்டன் 40, லூட்டன் 26. வெட்டுக்குப் பின்னும் இரு கிளப்புகளும் லூட்டனுக்கு மேலே நின்றன.

இங்கே ஒரு நேர்மையான மறுப்பு எழும். தண்டனைக்குப் பிறகும் ஆறு புள்ளி பின்னால் இருந்த அணி, மற்றவர் குற்றத்தைக் காட்டி நியாயம் கேட்கலாமா? ஒரு இடம் தங்களுக்கு உரியது என்று லூட்டன் கேட்பதற்கில்லை. இந்தக் கட்டுரையும் அதைக் கேட்கவில்லை. கேள்வி தண்டனையின் அளவைப் பற்றியது அல்ல, ஊக்கத்தைப் பற்றியது. வரம்பை மீறிச் செலவிட்டு வாங்கிய ஆட்டக்காரர்களே வெட்டுப்பட்ட புள்ளிகளையும் மிஞ்சும் புள்ளிகளை ஈட்டித் தருவார்கள் என்றால், மேலேறும் ஒவ்வொரு கிளப்புக்கும் அந்தச் சீசன் கற்பித்த பாடம் என்ன? வரவுக்குள் வாழ்ந்தவர் இறங்குவார், வரம்பைத் தாண்டியவர் தண்டனை கட்டிவிட்டுத் தங்குவார் என்பதுதான். விதியைக் காக்க விதிக்கப்பட்ட தண்டனை, விதியை மீறுவதற்கான விலைப்பட்டியலாக மாறிவிடுகிறது. மூன்று ஆண்டு நட்டத்துக்கு விதி அனுமதித்த உச்சமும், டெக்லன் ரைஸ் என்ற ஒரே ஆட்டக்காரரின் விலையும் ஒரே 10.5 கோடியாக இருப்பது தற்செயல்தான். ஆனால் அந்தச் சந்தையில் எந்த அளவுகோல் நடக்கிறது என்பதை அது சொல்லிவிடுகிறது.

‘அவர்களால் முடிந்ததே?’

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. பிரைட்டன், பிரென்ட்ஃபோர்ட், போர்ன்மத் ஆகிய மூன்றும் சிறிய கிளப்புகள்தாம். அவை மேலேறித் தங்கின, நன்றாகவும் ஆடுகின்றன. அப்படியானால் குறை லூட்டனின் திட்டமிடலில்தானே? இந்த எடுத்துக்காட்டுகள் உண்மையானவை. ஆட்டக்காரர்களைத் தரவுகள் கொண்டு தேர்ந்தெடுப்பதில் பிரைட்டனும் பிரென்ட்ஃபோர்டும் மற்றவர்களுக்கு வழிகாட்டியிருக்கின்றன. அந்த அறிவுக்கு உரிய மதிப்பைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த அறிவு வெறுங்கையோடு வரவில்லை. பிரைட்டனின் உரிமையாளர் டோனி புளூம் கிளப்புக்குக் கடனாகக் கொடுத்த தொகை 30 கோடி பவுண்டுக்கு மேல். பிரைட்டன் 2011இலேயே புதிய மைதானத்துக்குக் குடிபோய், ஆறு ஆண்டுகள் கழித்து 2017இல்தான் மேலேறியது. பிரென்ட்ஃபோர்ட் 2020இல் புதிய மைதானம் திறந்து, 2021இல் ஏறியது. அவர்கள் முதலில் வீடு கட்டினார்கள், பிறகு கல்யாணம் செய்தார்கள். லூட்டனுக்குக் கல்யாணம் முன்னால் வந்துவிட்டது.

அதன் விலையை லூட்டன் முதல் மாதத்திலேயே கட்டியது. ஒளிபரப்பு வசதிகளும் விளக்குகளும் பிரீமியர் லீக் தரத்துக்கு வரவேண்டும் என்பதால், மைதானத்தின் ஒரு பக்கத்தையே அந்தக் கோடையில் திருத்திக் கட்டினார்கள். வேலை முடியாததால் பர்ன்லிக்கு எதிரான முதல் உள்ளூர் ஆட்டம் தள்ளிப்போனது. ஆட்டக்காரர்களுக்குப் போயிருக்கக்கூடிய பணத்தின் ஒரு பகுதி இரும்புக்கும் கான்கிரீட்டுக்கும் போனது. அவ்வளவு செய்தும் சுமார் 12,000 பேருக்கே இடம். அந்த லீக்கின் மிகச் சிறிய மைதானங்களில் ஒன்று. டிக்கெட்டிலும் விருந்தினர் பெட்டிகளிலும் பெரிய கிளப்புகள் ஒரே ஆட்டத்தில் ஈட்டுவதை, இங்கே பல ஆட்டங்கள் சேர்ந்தாலும் எட்ட முடியாது. பிரைட்டனின் வழி எல்லோருக்கும் திறந்த வழி என்று சொல்வது, பல கோடியைப் பல ஆண்டு பொறுமையோடு போட்டுவைக்கும் உரிமையாளர் எல்லா ஊரிலும் பிறப்பார் என்று நம்புவதற்குச் சமம். ஒரு முழு லீக்கின் ஏணியை அந்த நம்பிக்கையின்மேல் சாய்த்து வைக்க முடியாது.

சரி, கையில் பிரீமியர் லீக் பணம் வந்தபின் துணிந்து செலவிட்டிருக்கலாமே? இங்கிலாந்துக் கால்பந்தின் அண்மை வரலாறே இதற்குப் பதில். 2008இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற போர்ட்ஸ்மத், 2010இல் பிரீமியர் லீக்கில் ஆடிக்கொண்டிருக்கும்போதே திவால் நிர்வாகத்துக்குப் போய், 2013இல் நான்காம் நிலைக்கு விழுந்தது. பெரி என்ற கிளப் 2019இல் லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. மைனஸ் 30இல் சீசன் தொடங்கிய லூட்டன் ரசிகருக்கு இது பாடப்புத்தகச் செய்தி அல்ல. கடனில் கட்டிய உயரம் எப்படி இடிந்து விழும் என்பதை அவர்கள் தங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சூதாடச் சொல்வது அறிவுரை ஆகாது.

[பெட்டிச் செய்தி] ஏறியவர்கள் என்ன ஆனார்கள்?

• 2023-24: லூட்டன் 26, பர்ன்லி 24, ஷெஃபீல்ட் யுனைடெட் 16. புதிதாக ஏறிய மூன்றும் இறங்கின. 1997-98க்குப் பின் இப்படி நடந்தது அதுவே முதல் முறை.
• 2024-25: லெஸ்டர் 25, இப்ஸ்விச் 22, சவுதாம்ப்டன் 12. மறுபடியும் மூன்றும் இறங்கின.
• 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளில் மேலேறிய ஒன்பது இடங்களில் ஆறு, பாராசூட் பணம் (பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியவருக்குத் தரப்படும் தொகை) பெற்றுவந்த கிளப்புகளுக்கே போயின.
• பாராசூட் பணம் இல்லாமல் ஏறியவை: லூட்டன், இப்ஸ்விச், சண்டர்லாந்து.

இடைவெளி எப்படி உருவானது

பெட்டியில் உள்ள எண்கள் தனி ஒரு கிளப்பின் குறையைச் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து, ஆறு வெவ்வேறு கிளப்புகள், ஆறு வெவ்வேறு ஆட்ட முறைகள், ஒரே முடிவு. பிரீமியர் லீக்கில் கடைசி இடம் பிடிப்பவருக்கும் ஒளிபரப்பு வருவாயிலிருந்து பத்துக் கோடி பவுண்டுக்கு மேல் கிடைக்கிறது. ஒரு படி கீழே உள்ள சாம்பியன்ஷிப்பில், பாராசூட் பணம் பெறாத கிளப்புக்கு மேலிருந்து வருவது ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் பவுண்டு. இருபது மடங்கு வித்தியாசம். மேலே பத்து ஆண்டு இருந்தவர் பத்து ஆண்டு அந்தப் பணத்தில் அணி சேர்த்திருப்பார். புதிதாக ஏறியவர் அந்தப் பத்து ஆண்டுக் கடையை ஒரே கோடையில் திறக்க வேண்டும்.

விழுகிறவருக்கு அடிபடாமலிருக்க வைத்ததுதான் பாராசூட் பணம். இறங்கிய கிளப்புக்கு முதல் ஆண்டு, மேலே உள்ளவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்ளும் ஒளிபரப்புத் தொகையில் 55 சதவீதம். அடுத்த ஆண்டு 45. ஒரு சீசனுக்கு மேல் மேலே இருந்திருந்தால் மூன்றாம் ஆண்டு 20. இதை ஆதரிப்போர் சொல்லும் காரணம் சரியானது: இந்தப் பணம் இல்லையென்றால் மேலேறும் எவரும் நல்ல சம்பளத்துக்கு ஒப்பந்தம் போடத் துணியமாட்டார்கள், இறங்கிய அன்றே கிளப் மூழ்கிவிடும். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒருமுறை மேலே போய் விழுந்தவர், ஒருமுறையும் போகாதவரைவிடப் பல மடங்கு பணத்தோடு அதே சாம்பியன்ஷிப்பில் மோதுகிறார். மேலே போவதும் விழுவதும் ஒரு சிறிய வட்டத்துக்குள் சுற்றத் தொடங்குகிறது. வட்டத்துக்கு வெளியிலிருந்து ஏறிய லூட்டனும் இப்ஸ்விச்சும் ஒரே ஆண்டில் திரும்பின. 2025இல் ஏறிய சண்டர்லாந்து அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டு, முதல் கோடையிலேயே பத்துக் கோடி பவுண்டுக்கு மேல் ஆட்டக்காரர்களுக்குச் செலவிட்டது. தங்க விரும்பினால் அதுதான் நுழைவுக் கட்டணம் என்றால், அதைக் கட்டக்கூடிய ஊர்கள் எத்தனை?

இறங்கிய பிறகு

லூட்டனின் சீசனுக்கு மிகக் கசப்பான பின்கதை 2024-25இல் வந்தது. மேலே ஆடிய ஆண்டில் கிளப் லாபம் காட்டியிருந்தது. பாராசூட் பணமும் கையில். சாம்பியன்ஷிப்பில் முன்னணியில் இருக்க வேண்டிய அணி சரிந்தது. வெளியூர் ஆட்டங்களில் தொடர்ந்து தோற்றது. 2025 ஜனவரியில் ராப் எட்வர்ட்ஸ் விலகினார். மே 3 அன்று வெஸ்ட் பிராமில் 3-5 எனத் தோற்று, கிளப் மூன்றாம் நிலைக்கு இறங்கியது. ஓராண்டுக்கு முன் எவர்ட்டனோடும் ஆர்சனலோடும் ஆடியவர்கள் லீக் ஒன்னில் ஆடத் தயாரானார்கள். ஸ்விண்டன், வுல்வ்ஸ், சண்டர்லாந்து ஆகியவையும் பிரீமியர் லீக்கிலிருந்து இப்படி அடுத்தடுத்து இரண்டு படி விழுந்தவைதாம்.

இதற்கு முழுப் பழியையும் லீக்கின் பணப் பங்கீட்டின் மேல் போட்டுவிட முடியாது. சாம்பியன்ஷிப்பில் பெரும்பாலோரைவிட அதிக வருவாயோடு ஆடி இறங்கியது லூட்டனின் சொந்தத் தோல்வி. ஆட்டக்காரர் தேர்வு, காயங்களைக் கையாண்ட விதம், மேனேஜரை மாற்றிய நேரம் எல்லாவற்றையும் அவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தச் சரிவின் விதை முந்தைய ஆண்டில் விழுந்தது என்பதும் உண்மை. 24 முறை தோற்ற அணி உடலாலும் மனதாலும் தேய்ந்துதான் கீழே வந்தது. மேலே ஆடுவதற்கென்று சேர்த்த ஆட்டக்காரர்களும், மேலே ஆடுவதற்கென்று பழகிய ஆட்ட முறையும் கீழே வந்ததும் பொருந்தவில்லை. ஏற்றமும் இறக்கமும் சில மாதங்களுக்குள் நடக்கும்போது, ஒரு கிளப் தன்னை இரண்டு முறை கலைத்து இரண்டு முறை கட்ட வேண்டியிருக்கிறது. அந்த வேலையில் பெரிய கிளப்புகளே தடுமாறியிருக்கின்றன.

விளைவு ஒரு கிளப்போடு நிற்பதில்லை. யார் இறங்குவார்கள் என்பது ஆகஸ்டிலேயே தெரிந்துவிட்டால், பட்டியலின் கீழ்ப்பாதியில் உள்ளவர்களுக்கு மே மாதம்வரை பயப்பட ஒன்றுமில்லை. இறங்கும் பயம்தான் இங்கிலாந்து லீக்கின் பாதி உயிர். 2024-25இல் ஏறிய மூன்று அணிகளும் சேர்ந்து எடுத்தது 59 புள்ளிகள். கடைசி வாரங்களில் அந்தப் போராட்டத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. திறந்த ஏணி என்பதைச் சொல்லித்தான் இந்த லீக் உலகெங்கும் தன்னை விற்கிறது. அந்த ஏணி பெயரளவில் மட்டும் திறந்திருந்தால், விற்கும் பண்டத்தின் தரமே குறைகிறது. ஆகவே படிகளின் இடைவெளியைக் குறைப்பது ஏழைகளுக்குப் போடும் பிச்சை அல்ல. பணக்காரர்களுக்கும் அது தேவை.

சட்டம் என்ன செய்யலாம்

2025 ஜூலையில் பிரிட்டனில் கால்பந்து நிர்வாகச் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. அதன்படி அரசுக்கும் லீக்குக்கும் வெளியே நிற்கும் ஒரு தனி ஒழுங்குமுறை அமைப்பு உருவாகியிருக்கிறது. உரிமையாளர்களைச் சோதிப்பது, கிளப்புகளுக்கு உரிமம் தருவது, மேல் லீக்கும் கீழ் லீக்குகளும் பணப் பங்கீட்டில் உடன்படாவிட்டால் தலையிட்டு முடிவெடுப்பது ஆகியவை அதன் அதிகாரங்கள். பாராசூட் பணமும் அந்த எல்லைக்குள் வருகிறது. சின்னத்தையும் உள்ளூர்ச் சட்டையின் நிறத்தையும் மாற்ற ரசிகர்களின் ஆதரவு வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. 2014இல் லூட்டன் தன் ரசிகர்களுக்குத் தானாக எழுதிக்கொடுத்த உறுதிமொழியின் சாரத்தை, பதினோரு ஆண்டு கழித்து நாடாளுமன்றம் எல்லோருக்கும் சட்டமாக்கியது.

இதை எதிர்ப்பவர்கள், உலகின் மிக வெற்றிகரமான லீக்கை அரசு கெடுத்துவிடும் என்கிறார்கள். வெற்றியைக் காக்கத்தான் வேண்டும். ஆனால் லீக் தானாக எடுத்திருக்கும் அடுத்த நடவடிக்கை எந்தத் திசையில் போகிறது என்றும் பார்க்க வேண்டும். 2026-27 முதல் ஒரு கிளப் தன் வருவாயில் 85 சதவீதம்வரை அணிக்குச் செலவிடலாம் என்ற புதிய விதிக்குப் பிரீமியர் லீக் கிளப்புகள் 2025 நவம்பரில் வாக்களித்தன. கண்மண் தெரியாத செலவை அது கட்டுப்படுத்தும். அந்த அளவில் நல்லது. ஆனால் வருவாயே உச்சவரம்பாகும்போது, 60,000 இருக்கை உள்ளவரின் 85 சதவீதமும் 12,000 இருக்கை உள்ளவரின் 85 சதவீதமும் ஒன்றாகிவிடாது. இன்றைய வரிசையை நாளைக்கும் அப்படியே வைத்திருக்க அது உதவும். பாராசூட் தொகையின் ஒரு பகுதியை சாம்பியன்ஷிப் கிளப்புகள் அனைத்துக்கும் பரவலாகக் கொடுப்பதும், மைதானக் கட்டமைப்புக்கெனப் புதிதாக ஏறும் கிளப்புகளுக்குத் தனி நிதி வைப்பதும், விதிமீறலுக்கான புள்ளி வெட்டை அதே சீசனில், அந்த மீறலால் கிடைத்த பலனைவிடக் கனமாக விதிப்பதும் சேர்ந்தால்தான் படிகள் நெருங்கும்.

லூட்டன் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. நகரின் நடுவே பவர் கோர்ட் என்ற இடத்தில் 25,000 இருக்கைகள் கொண்ட புதிய மைதானத்துக்கு 2024 டிசம்பரில் அனுமதி கிடைத்திருக்கிறது. கல்யாணத்துக்குப் பின் என்றாலும், வீடு கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த ஆர்சனல் இரவில் லூட்டனின் நடுக்களத்தில் நின்றவர்களில் ஒருவர் பெல்லி ரடக் எம்பான்சு. 2013-14 சீசனில், கிளப் ஐந்தாம் நிலையில் கிடந்தபோது வந்து சேர்ந்தவர். அங்கிருந்து கிளப்போடு ஒவ்வொரு நிலையிலும் ஆடி, ஒரே கிளப்பின் சட்டையில் லீக் அல்லாத மட்டத்திலிருந்து பிரீமியர் லீக்வரை வந்த முதல் ஆட்டக்காரர் ஆனார். அவரை யாரும் பத்துக் கோடிக்கு வாங்கவில்லை. பத்து ஆண்டு உழைப்பும், அதை மதித்து வழிவிட்ட ஓர் ஏணியும் அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தின. இன்று ஐந்தாம் நிலையில் எங்கோ ஒரு சிறிய மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கும் இன்னொரு இளைஞனும் அவன் கிளப்பும் அதே தூரத்தை ஏறி, ஏறிய இடத்தில் ஒரு சீசனுக்கு மேல் நிற்கவும் முடிய வேண்டும். அதற்கு வழி செய்யும் நாளில்தான், 26 புள்ளிகளோடு இறங்கிய லூட்டனின் சீசன் வீணாகவில்லை என்று சொல்ல முடியும்.